எடைச் சீட்டில் கரையும் மானியம்: நெல் விலை பற்றி வாசகர்கள் கேட்டவை

ஆலைக்கு நெல் விற்கும் விவசாயிக்கு அரசாங்கம் தரும் விலை மானியத்தைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தோம். பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் நாலு வரி போதாது என்று தெரிகிறது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும் தருகிறோம்.

கெப்பாளா பத்தாஸ் வாசகர்: *டன்னுக்கு 1,500 ரிங்கிட் விலை, அரசாங்க மானியம் 500. ஆக மொத்தம் 2,000 என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்? ஒரு எக்டரில் 6 டன் அறுத்து ஆலைக்கு அனுப்பினேன். 12,000 வரும் என்று இருந்தால், இரண்டையும் சேர்த்து 9,240தான் வந்தது. மீதி எங்கே போனது?*

ஆலை தந்த எடைச் சீட்டில் கழிவு 23 விழுக்காடு என்று போட்டிருக்கும், பாருங்கள். ஆலைக்காரர்கள் பொத்தோங்கான் என்று சொல்வது அதைத்தான். 6,000 கிலோவில் 23 விழுக்காடு, அதாவது 1,380 கிலோ, எடை மேடையிலேயே கழிந்துவிட்டது. மிஞ்சியது 4,620 கிலோ. அதற்கு ஆலை தந்தது 6,930, மானியம் 2,310. கூட்டினால் நீங்கள் சொன்ன 9,240 சரியாக வந்துவிடும்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. மானியமும் கழிவு போன பிறகு நிற்கும் நிகர எடைக்குத்தான். அதனால் கழிவு ஒரு விழுக்காடு ஏறினால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது: ஆலை தரும் விலையிலும் குறைகிறது, அரசாங்கம் தரும் பணத்திலும் குறைகிறது. உங்கள் 6 டன்னுக்கு ஒரு விழுக்காடு என்பது 60 கிலோ, அதாவது 120 ரிங்கிட். ரெலோங் கணக்கில் சொன்னால் (ஒரு எக்டர் ஏறக்குறைய மூன்றரை ரெலோங்) ரெலோங்குக்கு 35 ரிங்கிட்டை ஒட்டி. விலை 1,500ஆ 1,550ஆ என்று ஆலை வாசலில் பேரம் பேசுகிறவர் கழிவு 21ஆ 24ஆ என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். டன்னுக்கு 50 ரிங்கிட் கூட வாங்கினால் உங்கள் 4,620 கிலோவுக்குக் கிடைப்பது 231. கழிவில் 3 விழுக்காடு குறைத்தால் கிடைப்பது 360.

பெனாகா, தாசேக் குளுகோர் வாசகர்கள்: *23 விழுக்காடு நியாயமா? சில பருவத்தில் 18, சில பருவத்தில் 25 என்கிறார்கள். எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை.*

கழிவில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று ஈரம். இன்னொன்று பதர், முற்றாத பச்சை மணி, வைக்கோல் துண்டு, மண் போன்றவை.

ஈரத்துக்குக் கணக்கு உண்டு, அதை யாரும் போட்டுப் பார்க்கலாம். அரைக்க ஏற்ற ஈரப்பதம் 14 விழுக்காடு. உங்கள் நெல் 22 விழுக்காடு ஈரத்தோடு ஆலைக்குப் போனால், 100 கிலோவில் காய்ந்த சரக்கு 78 கிலோ. 14 விழுக்காடு ஈரமுள்ள நெல்லில் காய்ந்த சரக்கு 86 பங்கு. 78ஐ 86ஆல் வகுத்தால் 0.907. ஆக 100 கிலோ ஈர நெல், காய்ந்த பிறகு 90.7 கிலோவாக நிற்கும். ஈரத்துக்காக மட்டும் போக வேண்டியது 9.3 விழுக்காடு. 22இலிருந்து 14ஐக் கழித்து 8 என்று சொல்வது தவறு. அதே வேளையில் இரண்டு மடங்காகக் கழிப்பதற்கும் கணக்கில் இடமில்லை. 20 விழுக்காடு ஈரத்துக்கு 7, 24க்கு 11.6, 26க்கு ஏறக்குறைய 14 வரும்.

பதரை வீட்டிலேயே பார்த்துவிடலாம். லாரியில் ஏற்றும்போது மேல், நடு, அடி என்று ஐந்தாறு இடத்தில் கைப்பிடி எடுத்துக் கலந்து, அதிலிருந்து ஒரு கிலோ நிறுத்துக்கொள்ளுங்கள். முறத்தில் புடைத்து, கல், வைக்கோல், பச்சை மணி பொறுக்கி, மிஞ்சியதைத் திரும்ப நிறுங்கள். 40 கிராம் குறைந்திருந்தால் 4 விழுக்காடு. ஈரம் 22, பதர் 4 என்றால் இரண்டும் சேர்ந்து 13க்குப் பக்கத்தில் வரும்.

ஆலை 23 போட்டால் நடுவில் ஒரு 10 விழுக்காடு நிற்கிறது. அது முழுக்கக் கொள்ளை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். உலர்த்தும் செலவைத் தனியாக வாங்காமல் கழிவுக்குள் வைத்துவிடும் ஆலைகள் உண்டு. பச்சை மணியும் காட்டு நெல்லும் அரைக்கும்போது நொறுங்கிக் குறுநொய்யாகும், அதையும் முன்கூட்டியே பிடித்துக்கொள்வார்கள். ஆனால் என்ன பிடித்தார்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஈர மீட்டர் காட்டிய எண்ணைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஈரம் எவ்வளவு என்றே எழுதாமல் மொத்தமாக 23 என்று போடும் சீட்டை நாங்கள் நம்ப மாட்டோம்.

மீட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. லாரியின் ஒரே மூலையில் குழாயைக் குத்தி எடுத்த நெல்லை ஒரே தடவை அளந்தால் போதாது. குறைந்தது நாலைந்து இடத்தில் குத்தி, கலந்து, மூன்று தடவை அளந்து சராசரி எடுக்க வேண்டும். வெயிலில் சூடேறிய நெல்லும், மழையில் மேலே மட்டும் நனைந்த நெல்லும் தப்பான எண் காட்டும். ஈரம் 25க்கு மேல் போனால் கையடக்க மீட்டரின் கணிப்பு தள்ளாடும்.

எடை மேடையில் பார்க்க வேண்டியவை வேறு. லாரி ஏறுமுன் காட்டி பூஜ்யத்தில் நிற்கிறதா, நெல் கொட்டிய பிறகு வெறும் லாரியை உண்மையிலேயே திரும்ப நிறுத்தார்களா, அல்லது பழைய எடையை எழுதினார்களா? லாரி வரும்போது ஓட்டுநர் உள்ளே இருந்தால் போகும்போதும் இருக்க வேண்டும். ஈரமான தார்பாய் வரும்போது மேலே இருந்தால் போகும்போதும் மேலே இருக்க வேண்டும். எடை அளவைச் சட்டம் 1972இன்படி ஆண்டுதோறும் சரிபார்த்த ஸ்டிக்கர் எடை மேடையில் ஒட்டியிருக்கும், தேதியைப் பாருங்கள். ஸ்டிக்கர் விவகாரம் உள்நாட்டு வாணிப அமைச்சின் வேலை. அடிவிலைக்கு, அதாவது நெல்லுக்கு அரசாங்கம் குறித்த குறைந்தபட்ச விலைக்கு, கீழே கொடுத்தாலோ, கழிவில் விளையாடினாலோ போக வேண்டிய இடம் விவசாய அமைச்சின் கீழ் இருக்கும் நெல், அரிசிக் கட்டுப்பாட்டுப் பிரிவு. நெல் வாங்கும் உரிமம் கொடுப்பதே 1994ஆம் ஆண்டு நெல், அரிசிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்தான். அதனால் உரிமத்தைப் பற்றிய புகாரை எந்த ஆலையும் லேசாக எடுத்துக்கொள்ளாது. வாயால் சொல்லும் புகார் நிற்காது, சீட்டின் நகல் வேண்டும்.

நிபோங் திபால் வாசகர்: *கழிவு குறைய வயலில் என்ன செய்யலாம்?*

நிறைய செய்யலாம். ஆலையோடு சண்டை போடுவதைவிட இதில் வரும்படி அதிகம்.

கதிர் வந்து 30 முதல் 35 நாளில் அறுவடைக்குத் தயாராகும். அறுப்புக்கு 10 முதல் 14 நாள் முன்பே தண்ணீரை வடித்துவிட வேண்டும். மடை அடைந்து கிடந்தோ, வயல் மேடும் பள்ளமுமாக இருந்தோ பள்ளத்தில் தண்ணீர் நின்றால் அங்கே கதிர் பச்சையாகவே இருக்கும். இயந்திரம் அதையும் சேர்த்துத்தான் அறுக்கும். கதிரில் நூற்றுக்கு 80, 85 மணி பொன்னிறமாகும் வரை பொறுங்கள். பக்கத்து வயலுக்கு இயந்திரம் வந்துவிட்டது, நம்முடையதையும் முடித்துவிடலாம் என்று ஒரு வாரம் முந்தி அறுப்பதுதான் 26 விழுக்காடு ஈரத்துக்கு முதல் காரணம். 26க்கும் 22க்கும் உள்ள வித்தியாசம் 6 டன்னில் ஏறக்குறைய 280 கிலோ. மானியமும் சேர்த்தால் 550 ரிங்கிட்டுக்கு மேல். ரொம்பப் பொறுத்தாலும் மணி உதிரும், மழையில் பயிர் சாயும். அதனால் இயந்திரக்காரரிடம் நாள் குறிக்கும்போதே மூன்று நாள் முன்னே பின்னே பேசி வையுங்கள்.

யூரியாவைக் கதிர் வரும் சமயத்தில் தாராளமாக வீசினால் பயிர் பச்சைப் பசேலென்று நிற்கும், கண்ணுக்கு அழகு. ஆனால் பின்னால் வந்த தூர்கள் முற்றாமல் அறுவடைக்கு வரும்.

பனி காயாமல் காலை 8 மணிக்கு இயந்திரத்தை இறக்காதீர்கள். 10, 11 மணிக்கு மேல் வைக்கோல் காய்ந்திருந்தால் சல்லடை அடைக்காது, பதர் நன்றாகப் பறக்கும். இயந்திரத்தின் காற்றாடி வேகம் குறைந்தால் பதர் நெல்லோடு வரும், கூடினால் நல்ல மணியும் பின்னால் போய்விடும். முதல் சுற்று முடிந்ததும் இறங்கிப் போய், இயந்திரம் பின்னால் தள்ளிய வைக்கோலைக் கையால் அள்ளிப் பாருங்கள். கொத்துக் கொத்தாக மணி கிடந்தால் அங்கேயே நிறுத்திச் சரிசெய்யச் சொல்லுங்கள். நாளுக்கு இத்தனை ரெலோங் என்று ஓட்டுகிறவர் தானாக நிறுத்த மாட்டார்.

பாடி அஙின் என்று சொல்லும் காட்டு நெல் இயந்திரத்தின் வயிற்றில்தான் ஊர் ஊராகப் போகிறது. உங்கள் வயலில் இறங்குமுன் தொட்டியையும் திருகுக் குழாயையும் காலி பண்ணச் சொல்லுங்கள். சான்று பெற்ற விதை வாங்கியும் காட்டு நெல் வருகிறது என்று புலம்புகிறவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

ஏற்றிய நெல்லை மூடிய தார்பாயின் கீழ் ராத்திரி முழுக்க வைக்காதீர்கள். ஈர நெல் குவியலில் சூடேறி மஞ்சளாகும். மஞ்சள் மணிக்கு ஆலை தனியாகக் கழிக்கும், அதில் வாதாட இடமில்லை. ஆலையில் வரிசை எவ்வளவு நீளம் என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு அறுங்கள். லாரி வாடகை யார் தலையில் என்பதையும் அதே அழைப்பில் பேசிவிடுங்கள்.

செந்தூல் வாசகி: *நாங்கள் நகரத்துக்காரர்கள், அரிசி வாங்கித் தின்பவர்கள். விவசாயிக்கு இவ்வளவு மானியம் கொடுத்தும் உள்ளூர் அரிசி கடையில் கிடைப்பதில்லையே, ஏன்?*

அம்மா, உங்கள் கேள்விக்கும் மேலே இருக்கும் கழிவுக் கேள்விக்கும் பதில் ஒன்றுதான்.

உள்ளூர் வெள்ளை அரிசிக்கு அரசாங்கம் வைத்த உச்சவிலை கிலோ 2 ரிங்கிட் 60 சென், 10 கிலோ பை 26 ரிங்கிட். விவசாயிக்கு வைத்த அடிவிலையோ ஏறிக்கொண்டே வருகிறது. நெடுங்காலம் டன்னுக்கு 1,200 இருந்தது, 2024 பட்ஜெட்டில் 1,300 ஆனது. 2025 ஜனவரியில் விவசாயிகள் 1,800 கேட்டுப் போராடினார்கள், 16ஆம் தேதி முதல் 1,500 கிடைத்தது. இப்போது ஆலைக்காரர் இடத்தில் நின்று பாருங்கள். சுத்தமான காய்ந்த நெல் 100 கிலோ அரைத்தால் 63 கிலோ அரிசி என்று வைத்துக்கொள்வோம். கிலோ 1.50க்கு வாங்கிய நெல்லில் ஒரு கிலோ அரிசியின் நெல் அடக்கமே 2.38. உச்சவிலைக்கு இன்னும் 22 சென்தான் இருக்கிறது. அதற்குள் உலர்த்துவது, அரைப்பது, பை, லாரி, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை. தவிடும் நொய்யும் விற்ற காசு கொஞ்சம் தாங்கும், ஆனால் நெருக்கடி நெருக்கடிதான்.

நெருக்கடியில் இருக்கும் ஆலை எதைத் தொடும்? அடிவிலையைத் தொட்டால் உரிமம் போகும். உச்சவிலையைத் தொட்டால் அபராதம். சட்டத்தின் கண்ணில் தெளிவாகப் படாத எண் கழிவு ஒன்றுதான். நியாயமாக 13 கழிக்க வேண்டிய நெல்லில் 23 கழித்தால், ஆலை 77 கிலோவுக்குக் காசு கொடுத்து 87 கிலோ சரக்கை எடுத்துக்கொள்கிறது. டன்னுக்கு 1,500 என்ற அடிவிலை, யாரும் விதியை மீறாமலே 1,328 ஆகிவிடுகிறது. அரிசியின் நெல் அடக்கமும் 2.11க்கு இறங்கிவிடும். அடிவிலையை உயர்த்திவிட்டு உச்சவிலையை ஆணி அடித்து வைத்தால் நடுவில் இருப்பவர் எங்காவது ஓட்டை போடத்தான் செய்வார். கழிவுக்கு ஈரப்பதத்தோடு கட்டிய அட்டவணை ஒன்றைச் சட்டமாக்காமல் அடிவிலையை மட்டும் ஏற்றுவதில் பாதிப் பலன்தான் என்பது எங்கள் கருத்து.

கடையில் கிடைக்காத கதை இதோடு சேர்ந்தது. 2023 ஜூலை 20இல் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. அரிசி இறக்குமதியின் தனியுரிமை பெற்ற பெர்னாஸ் நிறுவனம் செப்டம்பர் 1இல் இறக்குமதி வெள்ளை அரிசியை டன்னுக்கு 2,350இலிருந்து 3,200 ஆக்கியது. உள்ளூர் அரிசி 26 ரிங்கிட்டிலேயே நின்றது. விலை குறைந்த பையை மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். பையை மாற்றி இறக்குமதி அரிசி என்று விற்றால் லாபம் என்ற ஆசையும் சிலருக்கு வந்தது. நாட்டின் அரிசித் தேவையில் பாதிக்குச் சற்று மேலேதான் இங்கே விளைகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள், அலமாரி காலியானதில் வியப்பில்லை.

கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: *அப்பா வாங்கிப் போட்ட 4 ரெலோங் நெல் நிலம் செபராங் பிறையில் குத்தகையில் இருக்கிறது. நில உரிமையாளர் நாங்கள்தானே, மானியம் எங்களுக்கு வர வேண்டாமா?*

வேண்டாம். விலை மானியம் நெல்லை விளைவித்து விற்கிறவருக்கு. நிலம் உங்களுடையது என்பதற்காக உங்களுக்குக் குத்தகைப் பணம் வருகிறது, அத்தோடு சரி. மானியப் பணம் என் கணக்குக்கு வரட்டும், உரத்தை நீ எடுத்துக்கொள் என்று குத்தகைதாரரிடம் வாய்மொழியாகப் பேசி வைக்கும் பழக்கம் பரவலாக உண்டு. உங்கள் பெயரில் பதிவு, அவர் கையில் சாகுபடி என்றால் அது பொய்ப் பதிவு. கணக்கெடுப்பு வந்தால் இருவருக்கும் சிக்கல்.

எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். நில எண், ரெலோங்கிலும் எக்டரிலும் பரப்பு (4 ரெலோங் என்பது 1.15 எக்டர்), எத்தனை பருவம், குத்தகை எவ்வளவு, எப்போது, பதிவும் மானியமும் உரமும் யார் பெயரில் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள். அந்த ஒப்பந்தத்தை வைத்துத்தான் குத்தகைதாரர் வட்டார விவசாயிகள் அமைப்பில், அதாவது பிபிகேயில், பதிந்துகொள்ள வேண்டியிருக்கும். குத்தகை விலையை நிர்ணயிக்கும்போது மானியத்தையும் மனதில் வைத்துப் பேசுவது உங்கள் இருவர் விருப்பம்.

சுங்கை டுவா வாசகி: *நட்டு ஒன்றரை மாதத்தில் என் வீட்டுக்காரர் தவறிவிட்டார். அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எல்லாம் அவர் பெயரில். மகன் அறுவடை செய்து அப்பா பெயரிலேயே விற்றுவிடலாம் என்கிறான்.*

கூடாது, அம்மா. இறந்தவர் பெயரில் விற்ற நெல்லுக்குப் பணம் வந்தால் அது முடங்கிய கணக்கில் போய் விழும், எடுக்க முடியாது. பிறகு விசாரணையும் வரும். இறப்புச் சான்றிதழோடு உடனே பிபிகேக்குப் போய், சாகுபடியை மகன் தொடர்கிறார் என்று பதிவை மாற்றச் சொல்லுங்கள். நிலத்தின் பட்டா மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, அது வருடக்கணக்கில் இழுக்கும். வாரிசுகள் எல்லாரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் இருந்தால் அலுவலர்களுக்கு வேலை சுலபம். மகன் பெயரில் நடப்பில் உள்ள வங்கிக் கணக்கு வேண்டும். அடையாள அட்டையில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கட்டும். நம்மவர்களுக்கு ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) விடுபட்டதாலேயே பணம் திரும்பிப் போவதுண்டு. இவ்வளவும் அறுவடைக்கு முன் முடிய வேண்டும். சீட்டு ஒரு பெயரில் விழுந்த பிறகு மாற்றுவது பெரும் பாடு.

பட்டர்வொர்த் வாசகர்: *என் அக்காள் மகன் திருவாரூரில் நெல் போடுகிறான். அங்கே அரசாங்கமே களத்தில் வந்து வாங்குகிறது. இங்கே அப்படி இல்லையே?*

அங்கே இந்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும்: 2025-26க்குச் சாதாரண நெல் குவிண்டால் 2,369 ரூபாய். அதன்மேல் தமிழ்நாடு ஊக்கத்தொகை போட்டு 2,500 ஆக்கியது. அடிவிலை ஒருவர், மேல்தொகை இன்னொருவர் என்ற அமைப்பு இங்கே உள்ளதைப் போலத்தான். வேறுபாடு வாங்கும் இடத்தில். அங்கே நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் வாங்க மாட்டார்கள். மழைக் காலத்தில் தளர்வு கேட்டு மாநில அரசு டெல்லிக்கு எழுதும், அதற்குள் நெல் களத்தில் முளைத்துவிடும். இங்கே 24 விழுக்காடு ஈரத்தோடு போனாலும் ஆலை வாங்கிக்கொள்ளும், கழித்துவிட்டுத்தான் வாங்கும். அவனுக்குக் காத்திருப்பில் நஷ்டம், உங்களுக்குக் கழிவில் நஷ்டம். யாரும் வாங்காவிட்டால் அடிவிலைக்கு வாங்கியே ஆக வேண்டிய கடமை இங்கே பெர்னாஸுக்கு உண்டு. அரிசி இறக்குமதியைத் தனியுரிமையாக அதற்கு 2031 வரை கொடுத்ததற்கு ஈடாக அரசாங்கம் சுமத்திய கடமைகளில் அதுவும் ஒன்று.

சுங்கை பாக்காப், மூத்த வாசகர்: *முன்பு மானியம் டன்னுக்கு 248 ரிங்கிட் 10 சென் என்று நினைவு. அது என்ன கணக்கு?*

நினைவு சரி, ஐயா. பிக்குல் கணக்கிலிருந்து வந்தது. ஒரு பிக்குல் 60 கிலோவுக்குச் சற்று மேல். பிக்குலுக்கு 15 ரிங்கிட்டை டன்னுக்கு மாற்றினால் 248ஐ ஒட்டி வரும். 1990இலிருந்து அந்த விகிதம். திட்டம் தொடங்கியது 1980இல், பிக்குலுக்கு 2 ரிங்கிட்டாக, அதையும் ரொக்கமாகத் தராமல் கூப்பனாக. பணமாகக் கொடு என்று அலோர் ஸ்டாரில் விவசாயிகள் ஆயிரக்கணக்கில் திரண்டது அந்த ஆண்டு ஜனவரியில்தான். 248.10க்குப் பிறகு 300, 360 என்று ஏறி, 2024இல் 500 ஆனது.

பாலேக் புலாவ் வாசகர்: *ஒரு ரெலோங்கில் வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் நெல் போடுகிறேன். மானியம் உண்டா?*

விலை மானியம் இல்லை, உரிமம் பெற்றவரிடம் விற்ற நெல்லுக்குத்தான் அது. உர உதவி சாகுபடிப் பரப்பை வைத்துத் தருவது, பதிவு செய்திருந்தால் கேட்கலாம். அந்தத் திட்டத்தின் பழைய அளவு எக்டருக்குக் கலப்பு உரம் 240 கிலோ, யூரியா 80 கிலோ. வாங்கிய மூட்டையை வெளியே விற்காதீர்கள், அது குற்றம்.

ஜூரு வாசகர்: *கீரை, கத்தரிக்காய்க்கு இப்படி விலை மானியம் கிடையாதா?*

கிடையாது. விவசாய விளைபொருள் சந்தை வாரியமான ஃபாமாவின் ஒப்பந்தச் சாகுபடியில் சேர்ந்தால் குறைந்தபட்ச விலைக்கு உத்தரவாதம் உண்டு, அவ்வளவுதான்.

பெயரும் ஊரும் வேண்டாம் என்ற வாசகர்: *பக்கத்து வயல்காரர் தன் நெல்லையும் என் பெயரில் விற்றுக்கொள்கிறேன், மானியத்தில் பாதி தருகிறேன் என்கிறார். அவரிடம் குடியுரிமை இல்லை.*

வேண்டாம் ஐயா. திட்டம் குடிமக்களுக்கானது. ஒரு எக்டருக்குப் பதிந்துவிட்டு 11, 12 டன் விற்றதாகச் சீட்டு வந்தால் அலுவலகத்தில் யாரும் பாராட்ட மாட்டார்கள், வயலை அளக்க வருவார்கள். செபராங் பிறையில் நல்ல விளைச்சலே எக்டருக்கு 6 டன்னை ஒட்டித்தான். மாட்டுவது சீட்டில் பெயர் உள்ளவர்.

கூலிம் வாசகர்: *நெல்லைப் பற்றியே எழுதுகிறீர்கள். நம் ஆட்கள் அதிகம் இருப்பது ரப்பரில். 3 ஏக்கர் ரப்பர் வைத்திருக்கும் எனக்கு என்ன?*

நியாயமான மனக்குறை. சிறுதோட்டக்காரர்களுக்கான ரப்பர் உற்பத்தி ஊக்கத்தொகை உங்களுக்கு உண்டு, மலாயில் ஐபிஜி என்பார்கள். நெல் மானியம் போல இது எப்போதும் வராது. கட்டிப்பாலின் (கோப்பையில் உறைந்த ரப்பர் பால்) மாதச் சராசரி தோட்ட விலை, அரசாங்கம் குறித்த மட்டத்துக்குக் கீழே விழுந்தால் மட்டும் வரும். அந்த மட்டம் 2024 பட்ஜெட்டில் கிலோவுக்கு 2.70இலிருந்து 3.00 ரிங்கிட் ஆனது. மட்டம் 3.00ஆக இருக்கும்போது ஒரு மாதம் சராசரி 2.75 என்றால் கிலோவுக்கு 25 சென். நீங்கள் 400 கிலோ விற்றிருந்தால் 100 ரிங்கிட். சராசரி அந்த மட்டத்துக்கு மேல் போன மாதத்தில் ஒன்றும் வராது. அந்த மாதம் வரவில்லையே என்று அலுவலகத்துக்கு அலைய வேண்டாம்.

மட்டம் வைத்திருப்பது பாதி ரப்பர் சத்துள்ள கட்டிப்பாலுக்கு. உங்கள் வியாபாரி இன்று கொடுத்த விலை 2.40 என்பதற்காக 60 சென் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். மழையில் ஊறிய, மண் கலந்த கட்டிக்கு அவர் குறைத்ததை ஊக்கத்தொகை ஈடுகட்டாது. கோப்பையில் தண்ணீர் தேங்காமல் மூடி போட்டு, அமிலத்தை அளவோடு விட்டு, இரண்டு மூன்று நாள் வடியவிட்டு விற்கிறவருக்குத்தான் விலையும் நிற்கும்.

கட்டாயம் வேண்டியது ரப்பர் வாரியத்தின் பாட்-ஜி அட்டை, அதாவது ரப்பர் விற்பதற்கான அனுமதி அட்டை. உரிமையாளர் ஒருவர், பால் வெட்டுகிறவர் வேறொருவர் என்றால் இருவரும் எடுக்க வேண்டும். விற்பது உரிமம் பெற்ற வியாபாரியிடம், ரசீதில் அட்டை எண்ணோடு. சாலை ஓரத்தில் லாரி நிறுத்தி ரொக்கம் கொடுப்பவர் கிலோவுக்கு 5 சென் கூடத் தருவார், ரசீது தர மாட்டார். ரசீது இல்லாத கிலோவுக்கு ஊக்கத்தொகையும் இல்லை. அட்டை காலாவதியாகும் தேதியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். விலை விழுந்த மாதத்தில் புதுப்பிக்கப் போனால் வரிசை நீளம்.